அமைச்சரும் சன்மானமும்: பிரித்தானிய ஒலிபரப்பு வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

சன்மானம் என்ற சொல்லை நாம் அறிவோம். பொருளை அறிந்தவர் எம்மிடையே குறைவு. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வரும் எமது சஞ்சிகைகளில் எழுதுபவர்கள் பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் எழுதுகிறார்கள். பழைய நாளில் புலவர் பாடினார், அரசன் பரிசில் கொடுத்தான். பாடியவருக்கு வயிறு இருந்தது, கொடுத்தவனிடம் களஞ்சியம் இருந்தது. ஆட்சியில் இருப்பவரே வாய் திறந்து பேசுவதற்குச் சன்மானம் வாங்கினால் அதை என்னவென்பது?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் வானொலி நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கும். ஒரு நாள் உள்துறை அமைச்சர் ஒருவர் அகதிகளைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெடியன், தஞ்சக் கோரிக்கை ஏற்கப்பட்டு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான், கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணை, இந்த மந்திரி இவ்வளவு நேரம் கதைக்கிறார். இதுக்கும் அவருக்குக் காசு குடுப்பினமோ?"

"இல்லை" என்றேன்.

"ஏன் இல்லை?"

அதற்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அரைவாசியில் நின்றுபோன படிப்பு சில வேளைகளில் இப்படித்தான் காலை வாரும். பின்னர் தேடி வாசித்தவற்றையே இங்கு தொகுத்திருக்கிறேன்.

1

முதலில் சம்பளம். பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு 1911 வரை அரச சம்பளம் கிடையாது. சொத்துள்ளவர்கள் மட்டுமே அரசியல் செய்யலாம் என்பதே இதன் நடைமுறைப் பொருள். 1838இல் சார்ட்டிஸ்டுகள் வெளியிட்ட மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளில் ஒன்று உறுப்பினர்களுக்குச் சம்பளம் வழங்கவேண்டும் என்பது. ஒரு தொழிலாளி பாராளுமன்றம் போவதானால் அவன் குடும்பம் சாப்பிட வேண்டும் அல்லவா? தொழிற்சங்கங்கள் தம் பணத்தில் தொழிற்கட்சி உறுப்பினர்களைத் தாங்கிவந்தன. 1909இல் ஒஸ்போர்ன் வழக்கின் தீர்ப்பு அதையும் தடுத்தது. அதன் பின்னரே, 1911இல், ஆண்டுக்கு 400 பவுண் சம்பளம் வந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அரசியல்வாதிக்குப் பணம் கொடுப்பதே பிழை என்று எம்மவரில் சிலர் சொல்வதுண்டு. அது வரலாற்றுக்கு ஒத்துவராத கதை. மக்கள் தமது பொதுப் பணத்திலிருந்து கொடுக்கும் சம்பளம் ஏழைக்கு வாசலைத் திறந்தது. வேறொருவரிடம் கை நீட்டவேண்டிய தேவையை இல்லாமற் செய்வதும் அதன் நோக்கம். ஆகவே கேள்வி பணம் வாங்குவதா இல்லையா என்பதன்று. யாரிடம் வாங்குவது, எதற்காக வாங்குவது என்பதே கேள்வி.

2

1922 ஓகஸ்ட்டில் ஒரு செய்தி வெளிவந்தது. பிரதமர் லொயிட் ஜோர்ஜ் தமது யுத்தகால நினைவுகளை எழுதுவதற்கு 90,000 பவுணுக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறார் என்பதே அது. 400 பவுண் ஓர் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளமாக இருந்த காலத்தில் இத்தொகை எத்தகையது என்பதை வாசகர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். இலட்சக்கணக்கானோர் மடிந்த யுத்தத்தை நடத்தியவர், பதவியில் இருந்துகொண்டே அந்த யுத்தத்தை விற்கிறார் என்று கண்டனம் எழுந்தது. பணத்தை யுத்தத்தில் பாதிக்கப்பட்டோருக்கான தருமத்துக்குக் கொடுப்பதாக அவர் அறிவிக்க நேர்ந்தது.

அதே ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி பி.பி.சி. ஒரு கம்பனியாகத் தோன்றியது. மறுநாள், 19ஆம் திகதி, லொயிட் ஜோர்ஜ் பதவி விலகினார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் பேனாவால் காசு பார்த்த தலைமுறையின் கையில் ஒலிவாங்கி வந்து சேர்ந்த வாரம் அதுதான்.

ஒலிவாங்கியின் பலம் 1926 பொது வேலைநிறுத்தத்தின்போது தெரியவந்தது. பிரதமர் போல்ட்வின், பி.பி.சி.யின் தலைவர் ஜோன் ரீத்தின் வீட்டிலிருந்தே நாட்டு மக்களுக்குப் பேசினார். எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டுக்கு இடம் கொடுக்கப்படவில்லை. அந்தக் குரலுக்கு யாரும் விலை பேசவில்லை, விலை பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பேசக் கிடைத்ததே இலாபம்.

இதை நன்றாக உணர்ந்தவர் வின்ஸ்டன் சேர்ச்சில். 1929 தேர்தலில் அவரது கட்சி தோற்றது. அந்த ஆண்டு முடிவில் அவர் ரீத்துக்கு எழுதினார்: அரசியல் பற்றி வானொலியில் பேச அனுமதித்தால் தமது சொந்தப் பணத்திலிருந்து 100 பவுண் தரத் தயார். ரீத் மறுத்துவிட்டார். காசு கொடுத்தவருக்கு ஒலிபரப்பு நேரம் என்பது அமெரிக்க வழக்கம், அது இங்கே ஆகாது என்பது அவர் நிலைப்பாடு. வர்த்தகத் தொலைக்காட்சிக்கு வழிவிட்ட 1954ஆம் ஆண்டுச் சட்டமும் அரசியல் விளம்பரத்தைத் தடைசெய்தது. 2003ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சட்டம் அத்தடையைத் தொடர்ந்தது.

அதாவது இந்த நாட்டில் அரசியல்வாதி நிலையத்துக்குக் காசு கொடுத்து நேரம் வாங்க முடியாது. முன்வாசல் இறுகப் பூட்டியிருக்கிறது. ஆனால் நிலையம் அரசியல்வாதிக்குக் காசு கொடுத்து அவரை வாங்கலாமா? இந்தப் பின்வாசலைப் பற்றி மிக நீண்ட காலம் யாரும் அதிகம் பேசவில்லை.

3

அமைச்சர்களுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. 1945இல் அட்லி பதவிக்கு வந்ததும் அமைச்சர்களின் நடைமுறை பற்றிய கையேடு ஒன்றைத் தம் அமைச்சரவைக்கு அனுப்பினார். பின்வந்த பிரதமர்கள் அதைத் திருத்திப் பெருப்பித்தார்கள். அமைச்சர்கள் எப்படி நடக்கவேண்டும் என்பதைச் சொல்லும் இந்த ஏடு மக்களுக்கு இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது! 1992இல் ஜோன் மேஜர்தான் அதை வெளியிட்டார். 1997இல் அது அமைச்சர்களுக்கான ஒழுக்கக் கோவை என்று பெயர் பெற்றது.

அக்கோவை சொல்வதன் சாரம் இது. அமைச்சர் ஒருவர் உத்தியோகரீதியான உரைக்கோ கட்டுரைக்கோ, அல்லது தமது அமைச்சுப் பொறுப்பையும் அனுபவத்தையும் நேரடியாகக் கொண்டு தயாரித்த ஒன்றுக்கோ பணம் ஏற்கக் கூடாது. தமக்கு விருப்பமான தருமத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியும் ஏற்கக் கூடாது. அழைத்த நிறுவனம் கொடுத்தே தீருவேன் என்றால், எந்தத் தரும நிறுவனம் என்பதை அந்த நிறுவனமே தெரிவுசெய்யவேண்டும்.

தருமம் பற்றிய இந்தப் பகுதி எனக்கு முதலில் அளவுக்கு மீறிய கண்டிப்பாகத் தோன்றியது. நல்ல காரியத்துக்குத்தானே? அமெரிக்காவில் எலினோர் ரூஸ்வெல்ட் 1934இல் ஒரு மெத்தைக் கம்பனியின் ஆதரவில் வானொலியில் பேசிப் பணம் பெற்று, அதை குவேக்கர்களின் நிவாரண அமைப்புக்கு வழங்கினார். ஆனால் அவர் ஜனாதிபதியின் மனைவி, பதவி எதுவும் வகிக்காதவர். அமைச்சரின் நிலை வேறு. தருமத்துக்குக் கொடுத்தாலும் கொடையாளி என்ற புகழ் அமைச்சருக்கே சேர்கிறது. அவர் தொகுதியிலுள்ள ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ சேர்ந்தால் வாக்கும் சேரும். எம்மூர்களில் விதானையார் வீட்டுக்கு வாழைக்குலை போன கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் குலையை அவர் வைரவர் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாலும், கொண்டுபோனவனின் விண்ணப்பம் மேலே வருவது நிற்குமா?

4

பணமும் தொலைக்காட்சியும் அரசியலும் ஒன்றோடொன்று மோதிய சம்பவம் என்று 1971ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். அதன் பெயர் 'நேற்றைய மனிதர்கள்'.

1970 தேர்தலில் தொழிற்கட்சி தன் எதிராளிகளைக் களிமண் பொம்மைகளாகச் செய்து, 'நேற்றைய மனிதர்கள்' என்று சுவரொட்டி அடித்தது. தேர்தலில் தோற்றது தொழிற்கட்சி. பதவியிழந்த தலைவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பி.பி.சி. ஒரு நிகழ்ச்சி தயாரித்தது. பங்குபற்றியோருக்குச் சொல்லப்பட்ட தலைப்பு வேறு. எதிர்க்கட்சியைப் பற்றிய நிகழ்ச்சி என்றே அவர்கள் நம்பினார்கள். ஒளிபரப்பானபோது அவர்களுடைய சுவரொட்டி வாசகமே அவர்கள் தலையில் விழுந்தது. கேலிச்சித்திரங்களும் கேலிப் பாட்டும் வேறு.

ஆனால் பெரிய சண்டை அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. முன்னாள் பிரதமர் ஹரோல்ட் வில்சன் தமது ஆட்சிக்கால நினைவுகளை எழுதி அந்த ஆண்டு வெளியிட்டார். அதன் மூலம் பெருந்தொகை பெற்றார் என்று பத்திரிகைகள் எழுதின. பேட்டி கண்ட டேவிட் டிம்பிள்பி, எவ்வளவு கிடைத்தது என்று கேட்டார். வில்சன் கொதித்துப்போனார். ஹீத்திடம் அவர் பாய்க்கப்பல் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பகுதியை நீக்கவேண்டும் என்றார். அவர் பக்கத்தில் வழக்கறிஞர்கள் வந்தார்கள். விடயம் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. பி.பி.சி.யின் ஆளுநர்கள், வழக்கத்துக்கு மாறாக, ஒளிபரப்புக்கு முன்னரே படத்தைப் பார்த்தார்கள். பணம் பற்றிய கேள்வி வெட்டப்பட்டது. மிகுதி 1971 யூன் 17ஆம் திகதி ஒளிபரப்பானது. இந்தச் சர்ச்சையைத் தொடர்ந்தே, முறைப்பாடுகளை விசாரிக்க பி.பி.சி. ஓர் ஆணைக்குழுவை அமைத்தது.

இதில் யார் சரி, யார் பிழை? வில்சனைத் தலைப்பால் ஏமாற்றியது பிழைதான். அவர் கோபத்தில் நியாயமும் உண்டு: ஆளும் கட்சித் தலைவரிடம் கேட்காததைத் தோற்றவரிடம் மட்டும் ஏன் கேட்கவேண்டும்? ஆனால் டிம்பிள்பியின் கேள்வி நியாயமான கேள்வி. அமைச்சரவை அறையில் நடந்தவற்றை வில்சன் அறிந்தது மக்கள் கொடுத்த பதவியால். அந்த அறிவை விற்றால் என்ன விலை போயிற்று என்று மக்கள் கேட்கலாம். ஒரு பொது நிறுவனம் அந்த ஒரு கேள்வியை மட்டும் வெட்டி எறிந்தது என்பதே இச்சம்பவத்தில் வெட்கத்துக்குரியது.

1977இல் டேவிட் ஃப்ரொஸ்ட், பதவியிழந்த நிக்ஸனுக்கு 600,000 டொலரும் இலாபத்தில் 20 வீதமும் கொடுத்துப் பேட்டி எடுத்தார். நீதிமன்றத்திலோ விசாரணைக் குழுவிலோ சொல்லியிருக்க வேண்டியதை நிக்ஸன் சந்தையில் சொன்னார். அந்தப் பேட்டி பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். அவர் வாயிலிருந்து வந்தவை சரித்திரத்துக்கு வேண்டியவைதான். என்றாலும் குற்றம் சாட்டப்பட்ட ஆட்சியாளர் தம் வாக்குமூலத்துக்குக் கூலி பெற்றார் என்ற உண்மை அதோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

வில்சனின் கதைக்கு ஒரு வால் உண்டு. 1976இல் பதவி விலகிய அவர், 1979இல் பி.பி.சி.யின் இரவு அரட்டை நிகழ்ச்சியொன்றை நடத்துபவராக வந்து அமர்ந்தார். அப்போதும் அவர் பாராளுமன்ற உறுப்பினர். நிகழ்ச்சி படுதோல்வி.

5

அமைச்சர்களின் ஒலிவாங்கி எம்மையும் தொட்ட காலம் 1987. அந்த ஆண்டு பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதன் பின் அவசரமாக வந்த சட்டம், உரிய பத்திரமில்லாதவரை ஏற்றிவரும் விமானக் கம்பனிக்கு ஆளொன்றுக்கு 1,000 பவுண் தண்டம் என்றது. எம்மவர் பலர் ஹாரிச் துறைமுகத்தில் 'எர்ல் வில்லியம்' என்ற கப்பலில் அடைத்துவைக்கப்பட்டார்கள். ஒக்டோபரில் பெரும்புயலில் கப்பல் கட்டறுந்து போனது. அதன் பிறகுதான் அவர்கள் கரைக்கு விடப்பட்டார்கள். அந்த மாதங்களில் அமைச்சர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எம்மவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது. அவர்கள் சொன்னது கொடியதாக இருக்கலாம். ஆனால் அது அரசாங்கம் சொல்வது என்று தெரிந்தது; எதிர்க்க ஓர் இலக்கு இருந்தது.

2023க்கு வருவோம். அந்த ஓகஸ்ட்டில் போர்ட்லண்ட் துறைமுகத்தில் 'பிபி ஸ்டொக்ஹோம்' என்ற மிதவையில் அகதிகளை ஏற்றினார்கள். அது பிடிக்காதவர்கள் பிரான்சுக்கே தொலைந்து போகட்டும் என்று தூஷண வார்த்தையோடு சொன்னார் ஆளும் கொன்சர்வேட்டிவ் கட்சியின் துணைத்தலைவர் லீ அண்டர்சன். அவர் அமைச்சர் அல்லர். ஆனால் அவ்வேளையில் ஜி.பி. நியூஸ் தொலைக்காட்சி அவருக்கு ஆண்டுக்கு 100,000 பவுண் கொடுத்துக்கொண்டிருந்தது. பாராளுமன்ற உறுப்பினர் சம்பளம் அப்போது 86,584 பவுண். அந்த மிதவைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கோ வேலை செய்ய அனுமதியில்லை. தானே சமைத்துச் சாப்பிடும் அகதிக்குக்கூட அரசு கொடுத்தது வாரத்துக்கு 50 பவுணுக்கும் குறைவு. ஓர் உத்தியோகமும் பார்க்கக் கூடாது என்று சட்டம் சொல்லும் மனிதரைத் திட்டியவர் இரண்டு உத்தியோகம் பார்த்தவர்.

இங்கே என்னை உறுத்துவது தொகையல்ல. அவர் பேசியது கட்சிக்காகவா, தொகுதிக்காகவா, தொலைக்காட்சிக்காகவா? சூடாகப் பேசினால் பார்வையாளர் கூடுவர். பார்வையாளர் கூடினால் ஒப்பந்தம் நீளும். இந்தக் கணக்கு அவர் மனதில் ஓடியது என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. ஓடவில்லை என்று எவராலும் நிரூபிக்க முடியாத நிலையைப் பணம் உண்டாக்கிவிட்டது.

அதே ஆண்டு மார்ச்சில், வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னர், நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் அதே தொலைக்காட்சியில் பேட்டி கொடுத்தார். பேட்டி கண்ட இருவரும் அவருடைய கட்சி உறுப்பினர்களான எஸ்தர் மக்வேயும் அவர் கணவர் பிலிப் டேவிஸும். அமைச்சர் பணம் வாங்கவில்லை, கேள்வி கேட்டவர்கள் வாங்கினார்கள்! நடுநிலை விதி மீறப்பட்டது என்று ஒளிபரப்புக் கண்காணிப்பு நிறுவனமான ஒஃப்கொம் செப்டெம்பரில் தீர்ப்பளித்தது. நவம்பரில் மக்வே அமைச்சரானார்; நிகழ்ச்சி நடத்துவதைக் கைவிட்டார். அரசியல்வாதிகள் செய்தி வாசிப்பவராக இயங்கினார்கள் என்று 2024இல் ஒஃப்கொம் செய்த வேறு தீர்ப்புகள் நிலைக்கவில்லை. ஜேக்கப் றீஸ்-மொக்கின் நிகழ்ச்சிகள் தொடர்பான முடிவு சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2025 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இது ஒரு கட்சியின் நோய் என்று நாம் ஆறுதல் கொள்ளவும் முடியாது. தொழிற்கட்சியின் டேவிட் லமி நிழல் வெளிநாட்டமைச்சராக இருந்துகொண்டே எல்.பி.சி. வானொலியில் பணம் பெற்று நிகழ்ச்சி நடத்தினார். 2024இல் அவர் வெளிநாட்டமைச்சரானார். குடியேறியவர்களுக்காக நீண்டகாலம் குரல் கொடுத்த, எம்மவர் பலர் மதிக்கும் டயான் அபொட், பி.பி.சி. நிகழ்ச்சிக்காகப் பெற்ற 17,300 பவுணைப் பதிவேட்டில் காட்டாததற்காக 2004இல் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. அவர் அப்போது அமைச்சர் அல்லர், பணம் பெற்றதும் குற்றமல்ல, மறைந்திருந்ததே குற்றம். எமக்கு வேண்டியவர் என்பதற்காக அளவுகோலை மாற்றக்கூடாது.

6

மறுபக்க வாதங்களையும் பார்க்கவேண்டும். அதே மேசையில் இருக்கும் பத்திரிகையாளருக்கும் நடிகருக்கும் பணம் கொடுக்கிறார்களே, அமைச்சரின் நேரம் மட்டும் மலிவா என்று கேட்கலாம். நேரம் மலிவல்ல. ஆனால் அந்த நேரத்துக்கு மக்கள் ஏற்கனவே சம்பளம் கொடுத்துவிட்டார்கள். அவர் அறிந்ததும் அரச உத்தியோகத்தர்கள் தயாரித்துக் கொடுத்தது. ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்பது வியாபாரத்திலேயே களவு.

அமைச்சர் நாவலாசிரியராகவோ பாடகராகவோ இருந்தால்? அமைச்சுக்குச் சம்பந்தமில்லாத திறமைக்கு விலை வாங்கினால் கோவையின் அந்த வாசகம் அவரைப் பிடிக்காது. ஆனாலும் அவரை அழைப்பவர் பாட்டுக்காக அழைக்கிறாரா, பதவிக்காக அழைக்கிறாரா என்பதைப் பிரித்தறிவது கடினம். பதவி போன மறுநாள் அழைப்பு வருமா என்று பார்ப்பதே எளிய சோதனை.

உண்மையில் அமைச்சராக இருக்கும் காலத்துக்கான விதி தெளிவானது, பெரும்பாலும் மதிக்கவும் படுகிறது. ஓட்டை அதன் இரு கரையிலும் இருக்கிறது: அமைச்சராகப் போகிறவர், அமைச்சராக இருந்தவர். சுகாதார அமைச்சராக இருந்து 2021இல் விலகிய மற் ஹன்கொக், அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியக் காட்டில் நடந்த தொலைக்காட்சிப் போட்டிக்குப் போய் 320,000 பவுண் பெற்றார். அப்போதும் அவர் தொகுதியொன்றின் உறுப்பினர். கொரோனா நோயில் உறவுகளை இழந்தவர்கள் விசாரணைக்குக் காத்திருந்த வேளை அது.

அமைச்சரின் மேல் உள்ள தடையை, சம்பளம் பெறும் ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினரின் ஒலிபரப்புத் தோற்றத்துக்கும் நீட்டவேண்டும் என்பதே என் கருத்து. அவர்கள் பேசட்டும், எவ்வளவும் பேசட்டும். பயணச் செலவு கொடுக்கட்டும், தேநீரும் கொடுக்கட்டும். சன்மானம் வேண்டாம்.

கோப்பை கழுவும் பெடியனுக்கு இவ்வளவையும் குசினியில் சொல்ல நேரமில்லை. எங்கள் டிப்ஸ் பெட்டியைக் காட்டிச் சொன்னேன். மேசையில் கிடைப்பது எல்லாம் பெட்டிக்குள் போகும், கிழமை முடிவில் அவனுக்கும் பங்கு வரும். பரிமாறுபவர் ஒருவர் கைக்குள் வாங்கிப் பொக்கற்றில் வைத்தால், அடுத்தமுறை யாருக்கு யன்னலோர மேசை கிடைக்கும், யார் வாசலில் நிற்பார்கள் என்று கேட்டேன்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்ப வாசலிலை நிக்கிறது நாங்கள்தான் என்ன, அண்ணை."

வானொலி பாட்டுக்கு மாறியிருந்தது. மாலைக் கூட்டம் வரத் தொடங்கியது. வேலைக்குத் திரும்பினோம்.